ஏட்டில் ஏறாத பெயர்கள்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை வந்துவிட்டது என்று சொல்ல மைல்கல் வேண்டாம். சாப்பாட்டுக் கடை, மளிகைக் கடை, தங்கும் விடுதி என்று எங்கே பார்த்தாலும் கொரிய எழுத்து. ஹூண்டாய் 1996இல் இங்கே அடிக்கல் நாட்டியது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, அவற்றின் பின்னால் மேலாளர்கள், அவர்கள் பின்னால் கிம்ச்சி. ஸ்ரீபெரும்புதூரில் தெற்கே திரும்பி வல்லம், ஒரகடம் என்று போனால் ஜப்பான்காரர்கள், ஜெர்மன்காரர்கள். ரெனோ-நிசான் 2010இல் வந்தது, டைம்லர் 2012இல். சுங்குவார்சத்திரம் பக்கம் பாக்ஸ்கான். இராமானுஜர் பிறந்த ஊர் என்றும் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றும் மட்டும் வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்த ஸ்ரீபெரும்புதூரில், இன்று அரை டஜன் நாடுகளின் பாஸ்போர்ட்டுகள் புழங்குகின்றன.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பன்னாட்டு விமானங்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. ஏப்ரலில், மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்த நாட்களில், சென்னையிலிருந்து கொரியாவின் இன்சியானுக்குச் சிறப்பு விமானங்கள் புறப்பட்டன. தொழிற்சாலைகளில் வேலை செய்த கொரியர்களும் அவர்களுடைய குடும்பங்களும் ஊர் திரும்பினார்கள். டிக்கெட் பணத்தை அவரவரே கட்டினார்கள். ஆனால் பெயர்களைத் திரட்டியது, அனுமதி வாங்கியது, விமானத்தை வரவழைத்தது எல்லாம் அவர்களுக்காக வேறொருவர் செய்த வேலை. கொரியாவின் கணக்கில் அந்த மாதம் ஆபத்தான அயல்நாடு நாம்தான். ஆபத்தான இடம் என்றால் எப்போதும் பாலைவனத்துக்கு அப்பால் எங்கோ இருப்பது என்று நினைத்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி. உறைத்ததாகத் தெரியவில்லை.

அதே மாதம், அதே சாலை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் பையன்கள் தங்கியிருந்த லைன் வீடுகளில் வேறொரு கதை நடந்தது. பகல் ஷிப்ட் போகிறவன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுப்பது என்ற கணக்கில்தான் அந்த அறைகளுக்கு ஆள் சேர்ப்பார்கள். கம்பெனி மூடியதும் இரண்டு ஷிப்டும் ஒரே நேரத்தில் அறைக்குள். மெஸ்ஸும் மூடியாயிற்று. காண்ட்ராக்டர்கள் பலர் போனை எடுக்கவில்லை. சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலிருந்து ஆந்திர எல்லை நோக்கி ஆட்கள் நடக்கத் தொடங்கினார்கள். மே மாதம் சிறப்பு ரயில்கள் விட்ட பிறகு, அதில் இடம் பிடிக்க எங்கே பெயர் கொடுப்பது, போலீஸ் ஸ்டேஷனிலா, இணையத்திலா, யார் கட்டணம் கட்டுவது என்ற குழப்பத்தில் இன்னும் சில வாரங்கள் போயின. உச்ச நீதிமன்றம் மே 28ஆம் தேதி தலையிட்டுத்தான், பயணக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

இரு தரப்புக்கும் இருந்த வேறுபாட்டைப் பணக்காரன், ஏழை என்று சொல்லி முடித்துவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் எனக்குப் படுவது வேறு. கொரியரின் பெயர் ஏதோ ஓர் ஏட்டில் முன்பே இருந்தது. எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தது. ஒடிசா பையனின் பெயர் காண்ட்ராக்டரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அந்த நோட்டும் சம்பளம் பிடிக்க வைத்திருந்தது. ஒருவனை மீட்க வேண்டும் என்று அரசு நினைப்பதற்கு முன்னால், அவன் அங்கே இருக்கிறான் என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக இந்த மண்ணிலிருந்து போனவர்களுக்கும் இந்த மண்ணுக்கு வந்தவர்களுக்கும் இடையில் நான் பார்க்கும் முதல் வேறுபாடு அதுதான்.

கொரியாவில் இதைக் கருணை என்று விடவில்லை. 1987இல் திருத்தி எழுதிய அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே, வெளிநாட்டில் வாழும் குடிமக்களைக் காப்பது அரசின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கான தனிச் சட்டம் வர முப்பது ஆண்டுகளுக்கு மேலானது. இடையில் 2004இல் ஈராக்கில் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர் கடத்திக் கொல்லப்பட்டார். 2007இல் ஆப்கானிஸ்தானில் தேவாலயக் குழுவினர் 23 பேர் பிணைக் கைதிகளானார்கள். ஒவ்வொரு முறையும் அரசின் மேல் கேள்விகள் எழுந்தன. கடைசியில் தூதரக உதவிச் சட்டம் 2021 ஜனவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. கடமை இரு பக்கமும் உண்டு: போகக் கூடாது என்று அரசு தடை செய்த நாட்டுக்கு அனுமதியின்றிப் போகும் கொரியருக்குச் சிறைத் தண்டனைகூட விதிக்க அவர்களுடைய பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் இருக்கிறது. உக்ரைனில் போரிடப் போன முன்னாள் ராணுவ வீரர் ஒருவரை ஊர் திரும்பியதும் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நம் ஊர் அரசு அப்படி ஒரு வழக்குப் போட்டால் என்ன கூச்சல் எழும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. ஒரகடத்துக்கும் அதில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. 1985 மார்ச்சில் ஈரான்-ஈராக் போரின் நடுவே சதாம் உசேன் ஒரு கெடு விதித்தார்: குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு ஈரான் வானில் எந்த விமானம் பறந்தாலும் சுடுவோம். டெஹ்ரானில் ஜப்பானியர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஈரானியக் கார் ஆலையில் வேலை பழக்கப் போன நிசான் பொறியாளர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மற்ற நாட்டு விமானங்கள் தங்கள் ஆட்களை முதலில் ஏற்றின. ஜப்பானிய விமான நிறுவனம் பாதுகாப்பு உத்தரவாதம் இல்லாமல் பறக்க முடியாது என்றது. ராணுவ விமானத்தை அனுப்ப ஜப்பானியச் சட்டம் இடம் தரவில்லை. கெடு முடியச் சில மணி நேரமே இருந்தபோது துருக்கி விமானங்கள் 215 ஜப்பானியரை ஏற்றிக்கொண்டு பறந்தன. 1890இல் ஜப்பானியக் கடற்கரையில் உடைந்த துருக்கிக் கப்பலின் மாலுமிகளை அந்த ஊர் மீனவர்கள் காப்பாற்றியதற்குக் கைம்மாறு என்று பின்னாளில் சொன்னார்கள். அழகான கதை. ஆனால் ஒரு பெரிய நாட்டின் அரசு, தன் மக்களின் உயிருக்குத் தொண்ணூற்றைந்து வருடத்துக்கு முந்தைய நன்றிக் கடனை நம்பியிருந்தது என்பதும் அதே கதைதான். அந்த வெட்கம் உறுத்தி, 1994இல் சட்டத்தைத் திருத்தி, தற்காப்புப் படை விமானங்களை மீட்புக்கு அனுப்ப வழி செய்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இன்றைய இந்தச் சாலை நெடுகிலும் ஏரிகள். ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் வேர்க்கடலை. நிலம் சிலருடையது, உழைப்பு வேறு சிலருடையது. 1891இல் ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில்தான் அந்த வேறுபாடு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்கள் அதன் வழியாக வந்தவை. அந்த நிலமற்ற குடும்பங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் தொகுதியைக் கொண்டுபோனது. 1911 வரை நேட்டால் போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். வட ஆற்காடும் செங்கல்பட்டும் அதில் நிறையத் தென்படும்.

இவ்வளவு துல்லியமாக எண்ணிக்கை சொல்ல முடிவது எப்படி? எழுதி வைத்திருந்தார்கள். கப்பல் பட்டியல் ஒவ்வொன்றிலும் ஆளின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் பூர்வீக ஊரைத் தேடுவது அந்த ஏட்டைக் கொண்டுதான். ஒருவனைக் கொண்டுபோக அவ்வளவு கவனமாக ஏடு எழுதிய அரசாங்கம், அதை அவன் பாதுகாப்புக்காக எழுதவில்லை. ஓடிப்போனால் அடையாளம் காட்டத் தழும்பு. ஒப்பந்தத்தில் திரும்பும் பயணமும் உண்டு என்பது உண்மை. அது கூலிக் கணக்கில் சேர்ந்த பாக்கி. அங்கே கலகமோ போரோ வந்தால் கூட்டி வருவோம் என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

போர் வந்தபோது அது தெரிந்தது. மலாயாவுக்குப் போகும் கூலிகளை ஆவடி முகாமில் சேர்த்து வைத்துக் கப்பலேற்றுவார்கள். இறங்கும் துறை பினாங்கு. 1941 டிசம்பரில் ஜப்பானிய குண்டுகள் விழுந்ததும் அந்தப் பினாங்கிலிருந்து ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் ஓசையில்லாமல் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் காலையில் எழுந்து பார்த்தபோது அரசாங்கம் ஊரில் இல்லை. கோட்டையில் பறந்துகொண்டிருந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கி, இனி குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னவர் சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர், ஒரு பத்திரிகை ஆசிரியர். கவர்னர் செய்ய வேண்டியதைப் பத்திரிகைக்காரர் செய்தார்.

அடுத்த சில மாதங்களில் பர்மா. அங்கே அப்போது ஏறக்குறைய பத்து லட்சம் இந்தியர். ரங்கூனில் குண்டு விழுந்ததும் கப்பலில் இடம் ஐரோப்பியருக்கும் காசு வைத்திருந்தவருக்கும். மற்றவர்கள் நடந்தார்கள்: அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கு, தாமு வழியாக மணிப்பூருக்கு, ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கு. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பது பொதுவான கணக்கு. அந்த நடையிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பிரித்தார்கள் என்று காங்கிரஸ் தலைவர்கள் கண்டித்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களின் எண்ணிக்கையைப் பத்தாயிரம் என்பவரும் உண்டு, அதைப் போலப் பல மடங்கு என்பவரும் உண்டு. மலாயாவில் மாட்டிக்கொண்ட தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துப் போனார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்தப் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயர் பொறித்தவை. தமிழ்த் தொழிலாளிகளுக்கு இன்று வரை மதிப்பீடுகள் மட்டும்.

சுதந்திரத்துக்குப் பின் 1960களில் நே வின் ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கியபோது பர்மாவிலிருந்து மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். இந்த முறை இந்திய அரசு கப்பல் அனுப்பியது. இறங்கியவர்களில் சிலர் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்டது பர்மா பஜார். வந்து இறங்கியவனுக்கு என்ன செய்வது என்று அரசு அப்போதுதான் கற்கத் தொடங்கியது.

1990இல் ஈராக் படை புகுந்த குவைத். ஏர் இந்தியா 59 நாட்களில் 488 முறை பறந்து, ஜோர்டானின் அம்மானிலிருந்து பம்பாய்க்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்தது. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைக் கட்டித் தழுவிய புகைப்படத்துக்காக உலகமே அவரைத் திட்டியது; அந்தத் தழுவலால் பேருந்துகளுக்கு வழி கிடைத்தது என்றால் எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் குவைத்துக்குள் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அங்கிருந்த இந்தியர்கள். டொயோட்டா சன்னி என்று அறியப்பட்ட மலையாளி மாத்யூஸும் அவரைப் போன்றவர்களும் குழு அமைத்தார்கள், பள்ளிக்கூடங்களில் ஆட்களைச் சேர்த்தார்கள், பெயர் எழுதினார்கள், பேருந்து பிடித்தார்கள். தூதரகத்திடம் இல்லாத ஏட்டை மக்களே எழுதினார்கள். விமானம் அதற்குப் பிறகுதான்.

அந்த அனுபவத்துக்குப் பின் இந்திய அரசு இதில் கைதேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2006 லெபனான், 2011 லிபியா. 2015இல் ஏமனிலிருந்து 4,640 இந்தியரோடு 41 நாடுகளைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரையும் நம் கப்பலும் விமானமும் சேர்த்துக் கொண்டுவந்தன. பெரிய வல்லரசுகள்கூடத் தங்கள் ஆட்களை ஏற்றச் சொல்லி நம்மைக் கேட்டன. 2020இல் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஈரானிலிருந்தும் ஆட்களைத் தூத்துக்குடியில் இறக்கியது. ஈரானிலிருந்து வந்தவர்களில் நம் தென்மாவட்ட மீனவர்கள் நிறைய. 2022இல் உக்ரைனிலிருந்து சுமார் 22,500 பேர். 2023 ஏப்ரலில் சூடான்: அந்த மீட்புக்குக் காவேரி என்றே பெயர் வைத்து 3,862 பேரைக் கொண்டுவந்தார்கள். சரியான ஓடுதள விளக்குகூட இல்லாத ஒரு திடலில் இரவில் விமானப்படை விமானம் இறங்கி 121 பேரை ஏற்றியது. அதே வாரம் கொரியாவும் சூடானிலிருந்து தன் ஆட்களை மீட்டது. மொத்தம் 28 பேர்.

அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்முடையது பெரிது என்று பெருமைப்படுவது எளிது. கொரியாவுக்கு 28 பேரை மீட்கச் சட்டக் கடமை இருந்தது. நமக்கு 3,862 பேரை மீட்க அப்படி ஒரு சட்டமும் இல்லை. செய்தோம். செய்யாமல் விட்டிருந்தாலும் நீதிமன்றத்தில் கேட்க எழுத்தில் ஒரு வரி கிடையாது. உக்ரைனில் இருந்த நம் மாணவர்களுக்காக 2022 மார்ச்சில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது தலைமை நீதிபதி ரமணா, போரை நிறுத்தும்படி ரஷ்ய அதிபருக்கு நாங்கள் உத்தரவு போட முடியுமா என்ற தொனியில் கேட்டார். எல்லையில் நிற்கும் பிள்ளைகளுக்கு உதவுமாறு அட்டர்னி ஜெனரலைக் கேட்டுக்கொண்டார். நீதிபதி சொன்னதில் தவறில்லை. அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

மாநில அரசின் நிலைமை இன்னும் வேடிக்கை. அப்போது தமிழ்நாடு அரசு, மாணவர்களை ஒருங்கிணைக்க எம்.பி.க்கள் மூன்று பேரையும் ஒரு எம்.எல்.ஏ.வையும் அதிகாரிகளையும் கொண்ட குழு ஒன்றை அறிவித்தது. அந்த எம்.எல்.ஏ. டி.ஆர்.பி. ராஜா அடுத்த ஆண்டு தொழில்துறை அமைச்சரானார். இன்று இந்தச் சாலையில் திறப்பு விழாக் கல்வெட்டுகளில் பார்க்கிறோமே, அதே பெயர். வெளிநாட்டு விவகாரம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. விமான நிலையத்தில் சால்வை போட்டு வரவேற்று வண்டி வைத்து ஊருக்கு அனுப்புவது வரை மாநிலம் செய்யலாம். விமானத்தை அனுப்புவது அதன் கையில் இல்லை.

இதில் 2023 மார்ச்சை நான் மறக்க முடியாத ஒரு விதிவிலக்காக நினைக்கிறேன். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், தொங்கவிடுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பீகாரில் பரவின. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் ஊரிலிருந்து அழைப்பு வந்தபடி இருந்தது: கிளம்பி வா, உயிரோடு வா. ஹோலி நேரம் என்பதால் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியதும், பயந்து ஓடுகிறார்கள் என்று அதையும் வீடியோ எடுத்துப் போட்டார்கள். பீகார் சட்டசபையில் அமளி. உடனே பீகார் அரசு, பாலமுருகன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் தலைமையில் நால்வர் குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. ஜார்க்கண்டும் ஒரு குழு அனுப்பியது. ஒரு மாநில அரசு தன் ஆட்கள் வேறு மண்ணில் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்க்க, ஒரு நாடு தூதரை அனுப்புவது போல அதிகாரிகளை அனுப்பியது. வந்தவர்கள் திருப்பூரிலும் மற்ற இடங்களிலும் தொழிலாளர்களைச் சந்தித்தார்கள், ஆபத்து ஏதுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வதந்தியால் நடந்ததுதான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன், உண்மையாகவே அவர்கள் பட்டினி கிடந்தபோது இப்படி ஒரு குழு வந்திருந்தால்?

வந்திருந்தாலும் யாரைப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. 1979ஆம் ஆண்டிலேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், ஆட்களின் விவரத்தைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக் கொடுக்க வேண்டும், போகவும் வரவும் பயணப்படி தர வேண்டும் என்றது அது. இந்தச் சாலையின் லைன் வீடுகளில் அந்தப் பாஸ்புக்கைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் சந்தோஷம். 2020 செப்டம்பரில், ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்டபோது, அப்படி ஒரு விவரம் திரட்டப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் சொன்னது. காஞ்சனபுரிக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து, நம் சொந்த அரசாங்கத்தின் பதில். அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் இணையதளம் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது.

இனி இந்தச் சாலையிலிருந்து வெளியே போகிறவர்கள். சுற்றுவட்டாரத்தில் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் படித்த பிள்ளைகளுக்குக் கம்பெனி வேலை கிடைக்கிறது. ஆனால் டிரெய்னி, அப்ரன்டிஸ், காண்ட்ராக்ட் என்று இரண்டு மூன்று வருடம் சுற்றிவிட்டு, நிரந்தரம் ஆகாது என்று தெரிந்ததும் வெளிநாடு பார்க்கிறவர்கள் உண்டு. 2014இல் இங்கிருந்த நோக்கியா ஆலை மூடியபோது நிரந்தர வேலை என்ற நம்பிக்கையின் ஒரு பகுதி உடைந்தது. அப்படிக் கிளம்புகிறவனின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அந்த அனுமதியோடு போனால் காப்பீடு உண்டு, ஒப்பந்தம் பதிவாகும், தூதரகத்துக்குத் தகவல் இருக்கும். ஆனால் இது பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு மட்டும். பத்து பாஸ் ஆனவனின் பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று பழைய மனநிலையில் வகுத்த கோடு அது. பத்தாம் வகுப்புத் தேறாத இளைஞர்கள் குறைந்துவிட்ட தமிழ்நாட்டில், அந்தக் கோட்டின் பலன், போகிறவர்களில் பெரும்பாலோர் அரசின் கண்ணிலிருந்து மறைந்துபோவது. படிப்பு வந்தது, பாதுகாப்பு போனது. மியான்மரும் கம்போடியாவும் ஈரானும் அந்த 18இல் இல்லவும் இல்லை.

2022இல் அதன் விலை தெரிந்தது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜென்ட்டுகள் அழைத்துப்போன தமிழ் இளைஞர்கள் ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்து, உலகெங்கும் உள்ள ஆட்களைப் பேச்சில் மயக்கிப் பணம் பறிக்கச் சொன்னார்கள். மறுத்தவர்களுக்கு அடி, மின்சார அதிர்ச்சி. எல்லோரும் படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். ஒருவர் ரகசியமாக அனுப்பிய வீடியோவை வைத்துத்தான் வெளியே தெரிந்தது. அந்த அக்டோபர் தொடக்கத்தில் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். அதன் பிறகும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மேசோட்டிலிருந்து இரண்டு நாட்களில் 549 இந்தியரை ஏற்றி வந்தன. எங்கே போகிறோம் என்று தெரிந்தே போய்ப் போரில் மாட்டிய மாணவரையும், சுற்றுலா விசாவில் ஏமாந்து போன இந்தப் பையன்களையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். தெரிந்தே போனவனைவிட ஏமாந்தவனுக்கு உரிமை குறைவு என்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அரசே அனுப்பி வைக்கும் வழக்கமும் இப்போது வந்துவிட்டது. 2023 அக்டோபரில் இஸ்ரேலிலிருந்து ஆட்களைக் கூட்டிவர ஆபரேஷன் அஜய்; சில மாதங்கள் கழித்து அதே இஸ்ரேலுக்குக் கட்டடத் தொழிலாளர்களை அரசு அமைப்பின் வழியாகவே தேர்வு செய்து அனுப்பினார்கள். அனுப்புகிற ஏடும் மீட்கிற ஏடும் ஒரே கையில் இருப்பது நல்லதுதான், அந்தக் கை இரண்டாவதை மறக்காத வரை.

2025 ஜூலையில் இன்னொரு செய்தி வந்தது: பாக்ஸ்கான் தன் இந்திய ஆலைகளிலிருந்து முன்னூற்றுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. போரில்லை, கொள்ளை நோய் இல்லை; காரணம் வணிகம், அரசியல் என்றார்கள். ஒரு சொல்லில் முன்னூறு பேர் கிளம்பினார்கள். அதே பாக்ஸ்கானின் சுங்குவார்சத்திரம் ஆலையில் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி 2024இல் திறந்தது. அதற்கு முன், 2021 டிசம்பரில், பழைய விடுதிச் சாப்பாட்டில் நோயுற்ற பெண்கள் எங்கே, யார் யார் மருத்துவமனையில் என்று தெரியாமல், உடன் வேலை செய்தவர்கள் நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவியிருந்தது. அன்று அந்தப் பெண்கள் கேட்டதும் முதலில் ஒரு பெயர்ப் பட்டியல்தான்.

1983 குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாக ஒன்றிய அரசு 2021இல் ஒரு வரைவை வெளியிட்டது, அது அப்படியே நின்றது. 2025இல் இன்னொன்றை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. தூதரகத்தில் பெயர் பதிவது இன்றும் அவரவர் விருப்பம். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துச் சுவரில் வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத் தேர்வு போஸ்டர்கள் ஒட்டிக் கிடக்கின்றன. பாஸ்போர்ட் நகல், நான்கு போட்டோ, முன்பணம் கொண்டுவரச் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கேட்கிறார்கள். அது இருந்தால் பாதுகாவலர் அலுவலகம் பக்கம் போகவே வேண்டாம், அடுத்த வாரமே விமானம் ஏறலாம் என்கிறார்கள்.